நாலும் எட்டும் பன்னிரண்டு

கல்யாண ஆல்பத்தில் இப்போது பரவலாகப் போகும் ஷீட் 12-க்கு 36 அங்குலம். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால், அகலத்தில் 10,800 புள்ளி, உயரத்தில் 3,600. பெருக்கினால் 3 கோடியே 88 லட்சத்து 80 ஆயிரம். புள்ளி ஒன்றுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட். ஒரு படமும் ஒட்டாத வெறும் ஷீட்டைப் போட்டோஷாப்பில் திறந்தாலே ஏறக்குறைய 117 எம்பி நினைவகம் போய்விடும். அதன்மேல் மாலை மாற்றுவது, தாலி கட்டுவது, தாய்மாமன் சீர் என்று ஏழெட்டுப் படங்களை லேயர் லேயராக அடுக்கி, பின்னணிக்குப் பூவேலையும் வைத்தால், அந்த ஒரு ஷீட்டே ஒரு ஜிபியை நெருங்கும். போட்டோஷாப் அதோடு விடுவதில்லை. செய்ததை அழித்துப் பின்னோக்கிப் போக வசதியாக, ஒவ்வொரு மாற்றத்தையும் தனியாக வேறு சேர்த்து வைத்துக்கொள்ளும்.

ஆடி கழிந்து ஆவணி பிறந்துவிட்டால் பெரம்பலூரிலும் அரியலூரிலும், வேப்பந்தட்டை, குன்னம், செந்துறை, ஜெயங்கொண்டம் வரைக்கும் ஸ்டூடியோக்காரர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த நேரம் பார்த்துத்தான் 4 ஜிபி ரேம் போட்ட பழைய டெஸ்க்டாப் படுத்துக்கொள்ளும். இது ஸ்டூடியோவோடு நிற்கிற பிரச்சினையும் இல்லை. இ-சேவை மையத்தில் ஒரே சமயத்தில் பத்துப் பதினைந்து டேப் திறந்திருக்கும். சிமென்ட் லாரி ஆபீசில் டேலி ஒருபக்கம், எக்செல் ஒருபக்கம், போனோடு இணைத்த வாட்ஸ்அப் ஒருபக்கம். விண்டோஸ் தனக்கென்று இரண்டு ஜிபியாவது எடுத்துக்கொண்ட பிறகு, மிச்சத்தில்தான் இத்தனையும் ஓட வேண்டும்.

அப்போது சர்வீஸ் கடை மேசையில் வழக்கமாக நடக்கும் பேச்சு இது:

"அண்ணே, உள்ள நாலு ஜிபி ஒன்னு கெடக்கு. இன்னொரு நாலு போட்டாப் போதுமா, இல்ல எட்டா போட்ரலாமா?"

"ரெண்டும் ஒரே சைஸா இருக்கணும் தம்பி. எட்டு வேணும்னா ரெண்டு எட்டா வாங்கு. பழசக் கழட்டி வச்சிரு."

இந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி, காலாவதியாகி இருபது வருஷம் தாண்டிய பழைய உண்மை.

ஒரு காலத்தில் சைஸ் கலக்கவே முடியாது என்பது நிஜம்தான். 386, 486 நாட்களில் சிம் என்ற சின்னப் பலகைகளில் நினைவகம் வந்தது. 30 பின் கொண்ட ஒரு பலகை ஒரு தடவைக்கு 8 பிட் மட்டும் தரும். 486 பிராசசர் ஒரே இழுப்பில் 32 பிட் கேட்கும். ஆகவே நாலு நாலாகத்தான் போட்டாக வேண்டும், நாலும் ஒரே அளவாகவும் இருக்க வேண்டும். 1993-ல் பென்டியம் வந்தபோது கேட்பது 64 பிட்டானது. அப்போதைய 72 பின் பலகை தந்தது 32 பிட். எனவே ஜோடி ஜோடியாக. திருச்சியிலிருந்து பிரிந்து பெரம்பலூர் தனி மாவட்டமான 1995-ல், அதாவது விண்டோஸ் 95 வெளிவந்த அதே வருஷத்தில், இந்தத் தொழிலுக்கு வந்த ஒருவர் முதலில் கற்றுக்கொண்ட பாடமே ஜோடி போடுவதாகத்தான் இருந்திருக்கும்.

பிறகு வந்த 168 பின் டிம் பலகை ஒற்றையாகவே 64 பிட் தந்ததால் கொஞ்ச காலம் நிம்மதி. 2000-ல் பென்டியம் 4-உடன் வந்த ராம்பஸ் நினைவகம் மறுபடி ஜோடி கேட்டது. காலியாகக் கிடக்கும் ஸ்லாட்டுகளில் டம்மிப் பலகை வேறு செருக வேண்டியிருந்தது. 2003-ல் இன்டெல் 865 சிப்செட், இரண்டு ரேமிலிருந்தும் ஒரே நேரத்தில் தகவல் எடுக்கும் இரட்டைச் சேனல் முறையைச் சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தது. ஆனால் இரண்டு சேனலிலும் அளவு ஒன்றாக இல்லையென்றால் மொத்தமும் ஒற்றைச் சேனலுக்கு இறங்கிவிடும். கடைக்காரர் சொன்ன விதிக்குக் கடைசி ஆதாரம் இங்கேதான் இருக்கிறது.

மறு வருஷமே, 2004-ல், இன்டெல் தன் 915 வரிசை சிப்செட்டில் ஃப்ளெக்ஸ் மெமரி என்ற ஏற்பாட்டைச் சேர்த்தது. சைஸ் வேறுபட்ட ரேம்களைப் போட்டாலும், எதுவரை இரண்டும் சமமாக இருக்கிறதோ அதுவரை இரட்டைச் சேனல். மிஞ்சியது மட்டும் ஒற்றைச் சேனல். இதை அரியலூர்க்காரருக்கு விளக்க சிமென்ட் மூட்டையே போதும். இரண்டு லோடுமேன்கள், இரண்டு அடுக்கு. ஒருவர் பக்கம் நாலு மூட்டை, மற்றவர் பக்கம் எட்டு. முதல் நாலு நடையும் இருவரும் சேர்ந்தே தூக்குகிறார்கள். எட்டு மூட்டை லாரி ஏறிவிடுகிறது. அதன் பிறகு ஒருவர் கை கட்டி நிற்க, மீதி நாலை மற்றவர் ஒற்றையாளாக ஏற்றுகிறார். 4 ஜிபியும் 8 ஜிபியும் சேர்த்த கம்ப்யூட்டரிலும் கணக்கு இதுதான். மொத்தம் 12. அதில் 8 ஜிபி இரட்டை வேகம், கடைசி 4 ஜிபி ஒற்றை வேகம். எட்டும் பதினாறும் என்றால் 16 ஜிபி இரட்டை, 8 ஜிபி ஒற்றை. இரண்டும் எட்டும் என்றால் 4 இரட்டை, 6 ஒற்றை.

இரட்டை, ஒற்றை என்பதன் எடை என்ன? டிடிஆர்4 2400 வகை ரேம் ஒன்று நொடிக்கு 19.2 ஜிபி வரை தகவலைக் கடத்தும். இரண்டு சேனல் என்றால் 38.4. ஆக, மோசமான நிலையிலும் வேகம் பாதியாகும், அவ்வளவுதான். அதுவும் காகிதக் கணக்கில். டேலி, வேர்டு, பிரவுசர் போன்ற வேலைகளில் இந்த வித்தியாசத்தைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் பிராசசரிலேயே உள்ள கிராபிக்ஸில் கேம் ஆடுகிறவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அங்கே படம் வரைவதற்கும் இதே ரேம்தான் நினைவகம்.

இனி எதிர்ப்பக்கக் கணக்கு. ரேம் போதாமல் போனால் விண்டோஸ் என்ன செய்யும்? கொஞ்ச நேரமாகத் தொடாத தகவலைத் தூக்கி ஹார்டு டிஸ்க்கில் வைத்துவிட்டு, வேண்டும்போது திரும்ப எடுக்கும். சாதாரண ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100 முதல் 150 எம்பி வரை படிக்கும். ஒற்றைச் சேனல் ரேமோடு ஒப்பிட்டாலும் நூறு மடங்குக்கு மேல் மெதுவு. அதுவும் தகவல் ஒரே வரிசையில் இருந்தால். அங்கும் இங்குமாகச் சிதறிக் கிடந்தால், தட்டு சுழன்று முள் வந்து சேர ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 10 மில்லி நொடி போகும்; ரேமில் அதே வேலை ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு அளவிலேயே முடிந்துவிடும். எஸ்எஸ்டி போட்டிருந்தால் வலி குறையும், தீராது.

இப்படி வைத்துப் பார்த்தால், 4-உம் 4-உம் போட்டு அழகான ஜோடியாக 8 ஜிபி வைத்திருப்பவரைவிட, 4-உம் 8-உம் போட்டு 12 ஜிபி வைத்திருக்கும் ஆல்பம் டிசைனரின் வேலைதான் வேகமாக முடியும். ஒருவர் இழப்பது கடைசி நாலு ஜிபியில் பாதி வேகம். மற்றவர் அந்த நாலு ஜிபியையே இழந்து டிஸ்க்கிடம் போய் நிற்கிறார். அளவு போதாதவருக்கு முதலில் அளவு. ஜோடிப் பொருத்தம் அதற்கு அப்புறம்தான். லேப்டாப் கம்பெனிகளே இதைத்தான் செய்கின்றன. மதர்போர்டில் 4 ஜிபியைப் பற்றவைத்து, பக்கத்து ஸ்லாட்டில் 8 ஜிபியைச் செருகி, 12 ஜிபி என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்ற லேப்டாப்புகள் சந்தையில் நிறைய. தொழிற்சாலையில் செய்தால் மாடல், நம்மூர்க் கடையில் செய்தால் மட்டும் தப்பா?

நாலு ஸ்லாட் உள்ள போர்டில் கதை இன்னும் சுவாரசியம். சென்னை, பெங்களூர் ஐடி கம்பெனிகள் கழித்துவிடும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் போன்ற டெஸ்க்டாப்புகள் செகண்ட்ஸில் சிறு ஊர்களுக்கெல்லாம் வந்து சேர்கின்றன. அவற்றில் ஆப்டிபிளெக்ஸ் 9020 போன்றவற்றுக்கு நாலு ஸ்லாட் உண்டு. உள்ளே இரண்டு 4 ஜிபி இருக்கிறது. கையில் இருப்பது ஒரே ஒரு 8 ஜிபி. மூன்று ரேம், ஒற்றைப்படை, நிச்சயம் ஒற்றைச் சேனல்தான் என்று பலர் கைவிட்டுவிடுவார்கள். ஆனால் கம்ப்யூட்டர் எண்ணுவது ரேம்களை அல்ல, ஒவ்வொரு சேனலிலும் உள்ள மொத்தத்தை. இரண்டு 4 ஜிபியையும் ஒரு சேனலில் சேர்த்து, 8 ஜிபியைத் தனியாக மறு சேனலில் வைத்தால் அங்கே 8, இங்கே 8. மொத்தம் 16 ஜிபியும் இரட்டைச் சேனலில் ஓடும். இதே மூன்று ரேமையும் இடம் மாற்றி, 4-உம் 8-உம் ஒருபக்கம், 4 மறுபக்கம் என்று செருகினால் 8 ஜிபிதான் இரட்டை. காசு ஒன்றே, செருகும் இடம்தான் வேறு.

எந்த ஸ்லாட் எந்தச் சேனல் என்பது போர்டுக்குப் போர்டு மாறும். ஸ்லாட் பக்கத்தில் ஏ1, ஏ2, பி1, பி2 என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். நிறத்தை நம்பிச் செய்வதைவிட அந்த எழுத்தை டார்ச் அடித்துப் படிப்பது மேல், ஏனென்றால் ஒரே நிறம் என்பது ஒரே சேனல் என்று அர்த்தமாகாது. பெரும்பாலான போர்டுகளில் ஒரே நிறத்து ஸ்லாட்டுகள் இரண்டு வெவ்வேறு சேனலைச் சேர்ந்தவை. போட்டு முடித்ததும் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் மெமரி பக்கத்தைத் திறந்தால், சேனல் இரட்டையா ஒற்றையா என்று சொல்லிவிடும்.

எச்61, எச்81 போர்டுகளுக்கு இந்த வித்தை பெரும்பாலும் கிடையாது. இரண்டே ஸ்லாட், உச்சவரம்பு 16 ஜிபி. அங்கே 4-உம் 8-உம் நல்ல நடுவழி.

இவ்வளவும் சைஸ் பற்றி. உண்மையில் கலக்கக் கூடாதவை வேறு. மேசையில் பேச்சு நடக்க வேண்டியது அவற்றைப் பற்றித்தான். பெரம்பலூருக்கு இன்றும் ரயில் கிடையாது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ திருச்சியிலோ சொல்லிவிட்ட பொருள் பார்சலில் வந்து, தப்பாகப் போய், திருப்பி அனுப்பி, மாற்றி வருவதற்குள் முகூர்த்தம் இரண்டு தாண்டிவிடும்.

முதலாவது, ரேமின் தலைமுறை. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றிலும் அடியில் உள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கிறது; ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று போகாது. மின்னழுத்தமும் வேறு: 1.5 வோல்ட், 1.2 வோல்ட், 1.1 வோல்ட். டிடிஆர்3-லேயே 1.35 வோல்ட்டில் ஓடும் எல் வகை உண்டு. இன்டெல் ஆறாம் தலைமுறை பிராசசரை டிடிஆர்3 போர்டில் போட்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பழைய 1.5 வோல்ட் ரேம் பிராசசரையே பாதிக்கலாம் என்பது இன்டெலின் எச்சரிக்கை.

இரண்டாவது, பலகை மேலுள்ள சிப்புகளின் எண்ணிக்கை. இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் ஜி41 போர்டுகளில் இது பெரிய தலைவலி. அந்த சிப்செட்டுக்கு 4 ஜிபி ரேம் தெரிய வேண்டுமானால் இருபுறமும் எட்டெட்டாக 16 சிப் இருக்க வேண்டும். ஒருபுறம் மட்டும் எட்டு சிப் வைத்த பிந்தைய 4 ஜிபியைச் செருகினால் திரை கறுப்பாகவே நிற்கும். ரேமும் நல்ல ரேம், போர்டும் நல்ல போர்டு, இரண்டுக்கும் ஒத்துவராது. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும், ஏஎம்டிக்கு மட்டும் என்று பொடியாகக் குறித்த டிடிஆர்3 இன்னொரு வலை. அதன் சிப் அமைப்பை இன்டெல் டெஸ்க்டாப் போர்டுகள் ஏற்காது. சர்வரில் கழற்றிய ரெஜிஸ்டர்டு வகை ரேமும் அப்படியே. 16 ஜிபி இவ்வளவு சல்லிசா என்று வாங்கினால் டெஸ்க்டாப்பில் வேலை செய்யாது.

இன்னொன்றை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். விண்டோஸ் 32 பிட்டாக இருந்தால் எத்தனை ஜிபி போட்டாலும் நாலுக்கு மேல் எட்டாது. கையில் கிடைப்பது மூன்றேகால், மூன்றரைதான். ரேம் வாங்கும் முன் அதைப் பார்த்துவிட வேண்டும்.

வேகம் கலந்தால்? பெரிய ஆபத்தில்லை. ஒவ்வொரு ரேமிலும் எஸ்பிடி என்ற சின்னக் குறிப்புச் சிப் இருக்கிறது. டிடிஆர்3-ல் 256 பைட், டிடிஆர்4-ல் 512 பைட். தன் அளவு, வேகம், எந்த வேலைக்கு எத்தனை சுற்று காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் பயாஸ் எல்லா ரேம்களின் குறிப்பையும் படித்து, மெதுவான ரேமுக்குத் தோதான வேகத்தில் எல்லாவற்றையும் ஓட்டும். 2400-உம் 3200-உம் சேர்த்தால் இரண்டுமே 2400. இதற்காக யாரும் வருத்தப்படத் தேவையில்லை. ஆறாம் தலைமுறை ஐ3-யின் உச்சமே 2133. அதில் 3200 ரேமைத் தனியாகப் போட்டாலும் 2133-ல்தான் ஓடும்.

ஆனால் ஒத்துப்போவதாகத் தெரிவதும் நிஜமாகவே ஒத்துப்போவதும் ஒன்றல்ல. 1968-ல் ஐபிஎம் பொறியாளர் ராபர்ட் டென்னார்டு காப்புரிமை பெற்ற வடிவமே இன்றைய ரேமுக்கும் அடிப்படை. ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு நுண்ணிய மின்தேக்கி. அந்த மின்தேக்கியில் உள்ள மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் 64 மில்லி நொடிக்குள் ஒவ்வொரு வரிசையையும் ஒரு முறை படித்துத் திரும்ப எழுதியாக வேண்டும். இத்தனை நுணுக்கமான நேரக் கணக்கில் வெவ்வேறு கம்பெனி, வெவ்வேறு வருஷ ரேம்கள் ஒரே பாதையைப் பகிரும்போது எப்போதாவது ஒரு பிட் பிசகலாம். கம்ப்யூட்டர் நன்றாக ஓடுவதுபோல இருக்கும். என்றைக்கோ ஒரு நாள் நீலத்திரை வரும், அல்லது சேமித்த பிஎஸ்டி கோப்பு திறக்காது. வாடிக்கையாளரின் கல்யாணம் அதற்குள் இருந்தால் என்ன பதில் சொல்வது?

அதற்குத்தான் மெம்டெஸ்ட்86+ இருக்கிறது. இலவசம். பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பூட் செய்து, கடை சாத்தும்போது ஓடவிட்டுப் போனால் காலையில் முடிவு திரையில் இருக்கும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ஜோடி கூடாது. முதலில் பயாஸில், ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். அப்போதும் பிழை என்றால் ரேமை மாற்றுவதுதான் வழி. பில்லோடு வாங்கியிருக்க வேண்டும் என்பது இங்கே உறைக்கும்.

டெஸ்ட் வரை போகாமலே திரை வரவில்லை, பீப் சத்தம் மட்டும் வருகிறது என்றால், நம்மூரில் ஸ்கூல் பையனுக்கும் வைத்தியம் தெரியும்: ரேமைக் கழற்று, ரப்பரால் தேய், திரும்பச் செருகு. இதைக் கிண்டல் செய்ய ஒன்றுமில்லை. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் போய்வரும் சாலையோரக் கடையில், கேபினட்டைத் திறந்தால் உள்ளே மாவு கொட்டினாற்போல் தூசி இருக்கும். ரேமின் தங்க முலாம் பூசிய முனைகளுக்கும் ஸ்லாட்டுக்கும் நடுவே ஒரு படலம் படிந்தாலே தொடர்பு விட்டுப்போகும். ஆனால் வெள்ளை பென்சில் ரப்பர்தான். மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் கூடாது. அந்தத் தங்கப் பூச்சின் தடிமன் ஒரு மைக்ரான்கூட இல்லை. தேய்ப்பதற்கு முன் மின்வயரைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் வெறும் இரும்பை ஒரு முறை தொட்டு, உடம்பிலுள்ள நிலைமின்னைப் போக்கிக்கொள்வதும் நல்லது. ரப்பர் துகளை ஸ்லாட்டுக்குள் ஊதிவிடாமல் வெளியே தட்டிவிட வேண்டும்.

இப்போது விலைக்கு வருவோம். உலகத்துக்கு ரேம் சிப் செய்து தருபவர்களில் பெரியவர்கள் மூவர்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். செயற்கை நுண்ணறிவுச் சர்வர்களுக்கான நினைவகத்தில் லாபம் அதிகம் என்று உற்பத்தி அந்தப் பக்கம் திரும்பியதால், 2025-ன் கடைசி மாதங்களில் சாதாரண ரேமின் விலை கடுமையாக ஏறியது. 2025 டிசம்பர் 3-ஆம் தேதி மைக்ரான், தன் குரூஷியல் பிராண்டில் கடைகளுக்கு ரேம் விற்பதையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. அதே வருஷம் அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. நாலாம் தலைமுறை ஐ3, ஐ5 வைத்திருப்பவர்களை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. அவர்கள் டிடிஆர்3-ல் புது ரேம் வாங்கிப் பணத்தைப் போடுவதைவிட, செகண்ட்ஸில் ஒரு 4-ஓ 8-ஓ வாங்கிப் பழையதோடு கலந்துகொண்டு, உபுண்டு போன்ற லினக்ஸுக்கு மாறினால் இன்னும் சில வருஷம் ஓட்டலாம். தமிழ்நாட்டுப் பிளஸ் ஒன் கணினி அறிவியல் பாடத்தில் உபுண்டு இருப்பதால், வீட்டுப் பிள்ளைகளுக்கு அது ஒன்றும் புதிதாகவும் இருக்காது.

கலப்பதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டியவர்கள் டிடிஆர்5 வாங்கியவர்கள்தான். அங்கே ஸ்லாட்டை நிரப்புவதே வேகத்தைக் குறைக்கும். ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் இரண்டு ரேம் போட்டால் 5200 வரை ஓடும் என்று கம்பெனி சொல்கிறது. நாலு ஸ்லாட்டையும் நிரப்பினால் அது 3600-க்கு இறங்குகிறது. சைஸ் ஒன்றாக இருந்தாலும் இதே கதிதான். அந்த மாதிரி போர்டில் இரண்டு 8 ஜிபி ஏற்கெனவே இருந்தால், காலி ஸ்லாட்டில் இன்னும் இரண்டு வாங்கிச் சொருகுவதைவிட, இரண்டு 16 ஜிபியாக மாற்றிப் போட்டுவிட்டு, பழைய ஜோடியை விற்றுவிடலாம். ரேம் விலை ஏறிக் கிடக்கும் காலத்தில் பழைய ஜோடிக்கும் மதிப்பு ஏறியிருக்கும்.